முக்காலத்தாரின் மடற்குழு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் நடக்காது. பம்பு தொழிற்சாலையில் கடைசல் மிஷின் ஆளில்லாமல் சுற்றும். தபால் நிலையத்தில் முத்திரைக் கட்டை அந்தரத்தில் நிற்கும். சலூனில் முகம் நிறைய நுரையோடு ஒருவர் காத்திருப்பார். சலூன்காரரின் ஒரு கையில் கத்தி, மறு கையில் போன். முக்காலத்தாரின் மடல் வருகிற நேரம் அது!

நேற்று, இன்று, நாளை மூன்றும் அவருக்கு அத்துப்படியாம். சில வருஷம் முன்பு அவர் பழைய கம்ப்யூட்டர் விற்று, வாங்கியவர்கள் துரத்த ஓடியவர் என்று சிலர் சொல்வார்கள். அந்த நேற்றைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஞானம் தேடிக் காட்டுக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இவர் மின்னஞ்சல் குழு ஆரம்பித்தார். பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் உடனே ஒரு ஜாதகப் பலன், பிறகு வாரம் ஒரு மடல், மடலுக்கு ஒரு வாக்கு. ஞாயிறு மழை பெய்யும்; அல்லது பெய்யாது. சிவப்பு அணி ஜெயிக்கும். அல்லது நீல அணி. ஒரே ஒரு நிபந்தனை: வந்த மடலை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது, காட்டினால் பலன் போய்விடும். பெயர்தான் குழு. யார் பதில் எழுதினாலும் அது அவர் ஒருவருக்கே போகும். ஆட்டு மந்தையில்கூட ஓர் ஆடு கத்தினால் இன்னோர் ஆட்டுக்குக் கேட்கும்!

வாக்குப் பொய்த்தவர்களுக்கு, ‘உன் மனம் கலங்கியிருந்தது, விலகி இரு’ என்று கடைசி மடல் வரும். பிறகு பெயர் நீக்கம். இதை வெளியே சொல்ல யாருக்கு மனசு வரும்? தோற்றவன் வாய் திறக்கவில்லை. பலித்தவன் வாய் மூடவில்லை. ஊருக்குக் கேட்டது ஒரு சத்தம்தான்.

பம்பு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் அம்மாள் லேசில் ஏமாறுகிறவள் அல்ல. நூறு பேரிங் வந்தால் நூறையும் தொட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். அவளுக்கே ஐந்து வாரம் ஐந்து வாக்கும் பலித்துவிட்டன. ஆறாவது வாரம் அவள் கழுத்தில் இருந்த கட்டியைப் பற்றி எழுதிக் கேட்டாள். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார்.

‘கத்தி படவேண்டாம், மூன்று மாதத்தில் தானே கரையும்’ என்று பதில் வந்தது. கூடவே, ஆற்றல் ஏற்றிய செம்பு வளையம் ஒன்று. செம்பு வந்தது, கையில் கிடந்த பொன் போனது. ஆற்றல் எந்தப் பக்கம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

அவளுடைய தங்கை நூலகத்தில் வேலை செய்கிறவள். நூலக வாசகர்களின் மின்னஞ்சல் குழுவை நடத்துவதும் அவள்தான். ஒரே பெயரில் ஒரு பட்டியலும் வைக்கலாம், ஒன்பது பட்டியலும் வைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். நான்கு முகவரிகளில் முக்காலத்தாரின் குழுவில் சேர்ந்தாள். மூன்று அவள் பெயரை மாற்றி மாற்றி எழுதியது. நான்காவது, மாடிப்படிக்குக் கீழே ரிப்பேராகிக் கிடந்த ஜெராக்ஸ் மிஷின் பெயரில். வாங்கிய தேதிதான் பிறந்த தேதி.

வெள்ளிக்கிழமை வந்த நான்கு மடல்களையும் அக்காளுக்கு முன்னால் வைத்தாள்.

“பாருக்கா. நாளைக்கு ராத்திரி ஆட்டத்துல ரெண்டு மடல்ல சிவப்பு ஜெயிக்குது, ரெண்டுல நீலம் ஜெயிக்குது. பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. பலிச்ச பாதியை வெச்சுக்கிட்டு மறுபடி ரெண்டா வெட்டறான். அஞ்சு தடவை வெட்டினதுல மிஞ்சின ஆள் நீ.”

“நீ சோதிக்கணும்னு சேந்தவ. உனக்குக் கோணலாத்தான் வரும்.”

“ஜெராக்ஸ் மிஷினும் சோதிக்கணும்னா சேந்துச்சு? அதுக்கு இந்த வருஷம் குழந்தை பாக்கியம் உண்டாம்!”

அக்காள் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

“எனக்குப் பயமா இருக்குடி. எல்லாரும் அறுக்கணும், அறுக்கணும்ங்கறீங்க. வேண்டாம்னு சொன்னது அவர் ஒருத்தர்தான்.”

தங்கைக்குக் கேலி எல்லாம் வடிந்துவிட்டது. “சரி, நான் சொல்றதை நம்ப வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் அவர் மண்டபத்துல கூட்டம் போடறாராமே, நானும் வரேன். அவர்கிட்டயே ஒண்ணு கேப்போம்” என்றாள்.

சனிக்கிழமை மாலை மண்டபத்தில் இருநூறு பேர். அத்தனை பேரும் ஐந்து வாக்கும் பலித்தவர்கள். மேடையில் வெள்ளை ஜிப்பா, காதோரம் மைக், மேஜைமேல் மடிக்கணினி.

“ஆறாயிரம் பேர்ல தேறினவங்க நீங்க! முத்துக்கள்!” என்றார் முக்காலத்தார். முத்துக்கள் கைதட்டின. தேறாத மற்றவர்களுக்கு என்ன மடல் வந்தது என்று ஒரு முத்தும் கேட்கவில்லை.

தங்கை எழுந்தாள். “ஐயா, ஆட்டம் ஆரம்பிக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. நேத்து அனுப்பின மடலை எல்லாரும் சத்தமாப் படிக்கலாங்களா?”

“படிச்சா பலன் போயிடும்மா.”

“ஒரு பந்தாட்டம்தானேங்க, போனா போகட்டும்.”

“அவிசுவாசி! வெளிய அனுப்புங்க!”

இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். தங்கையின் தோளில் கை வைத்தார்கள். அப்போதுதான் அக்காள் எழுந்தாள். போனை எடுத்தாள். கழுத்துக் கட்டி ஏறி இறங்க, படித்துவிட்டாள்:

“‘அன்பு மகளே, சிவப்பு அணி வெல்லும்.’”

சலூன்காரர் திரும்பிப் பார்த்தார். “சிவப்பா? எனக்கு நீலம்னு போட்டிருக்கேம்மா!”

“எனக்கும் நீலம்!” “இல்லையே, சிவப்புய்யா!” “எங்க, காட்டு!” ஆறு வாரமாகப் பொத்தி வைத்த மடல்களை ஆளுக்கு ஆள் நீட்டினார்கள். மண்டபம் சந்தைக்கடையானது.

அக்காள் நாற்காலிமேல் ஏறினாள். ஸ்டோரில் போடுகிற அதே குரல். “சிவப்பு வந்தவங்க சுவத்தோரம் போங்க. நீலம் ஜன்னலோரம். நடுவுல யாரும் நிக்காதீங்க!” எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். சுவரோரம் நூறு பேர். ஜன்னலோரம் நூறு பேர்.

“அன்பர்களே, அவரவர் கர்மாவுக்கு ஏத்த மாதிரி...” என்று இழுத்தார் முக்காலத்தார்.

“யோவ், ஆடறது ஒரே ஆட்டம்தானேய்யா! கர்மாவுக்கு ஏத்த மாதிரி கோல் விழுமா?” என்றார் சலூன்காரர்.

ஜெராக்ஸ் மிஷினுக்கு வந்த குழந்தை பாக்கியத்தைத் தங்கை அப்போதுதான் படித்தாள். சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் மேடை காலி. மூன்று காலமும் அறிந்தவருக்குப் பின்கதவு பூட்டியிருக்கும் என்பது தெரியவில்லை. போலீஸ் வந்து திறந்துவிட்டது.

இரவு ஆட்டம் சமனில் முடிந்தது. அந்த வாக்கு யாருக்குமே போயிருக்கவில்லை.

திங்கட்கிழமை அக்காள் ஆபரேஷனுக்குப் போனாள், பயத்தோடுதான். கட்டியை எடுத்துவிட்டார்கள். “மூணு மாசம் விட்டிருந்தா பரவியிருக்கும்மா” என்றார் டாக்டர். அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை அந்த இருநூறு பேரையும் சேர்த்துப் புதுக் குழு ஒன்று ஆரம்பித்தாள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். யார் வேண்டுமானாலும் யாரையும் மறுக்கலாம். மறுநாளே முதல் மடல் வந்தது: ‘அம்மா, அவனோட வித்தையவே கண்டுபிடிச்சிட்டீங்களே! உங்களுக்குத்தான் நிஜமான சக்தி இருக்கு. என் பொண்ணு கல்யாணம் எப்ப நடக்கும்னு பாத்துச் சொல்லுங்க.’

தங்கை தலையில் அடித்துக்கொண்டு எல்லோருக்குமாக ஒரே பதில் எழுதினாள்: ‘எனக்கு ஒரு சக்தியும் இல்லை. எதையாவது நம்பத் தோன்றினால், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொல்லியிருக்கிறான் என்று முதலில் போய்க் கேளுங்கள். கதவைத் தட்டக் கையும், கேட்க வாயும், யோசிக்க மூளையும் வேண்டும். மூன்றும் உங்களிடமே இருக்கின்றன. மூன்றாவதைத்தான் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள்.’