சிப்பந்திப் பட்டியலில் ஒரு மனைவி

சகலை வீட்டு வாசலை இந்த முறை மிதிப்பதில்லை என்று கப்பல் கிளார்க் முடிவு கட்டியபோது, துறைமுகம் வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

சகலை கெட்டவர் இல்லை. புதிதாக வீடு கட்டியவர், அவ்வளவுதான். போன மாதம் போனிலேயே ஒரு மணி நேரம், குளியலறைக் குழாய் எந்தச் சுவர் வழியாக ஓடுகிறது என்று விளக்கியிருந்தார். நேரில் கிடைத்தால் ஆளையே குழாய்க்குள் இறக்கிக் காட்டுவார் என்று கிளார்க்குக்குப் பயம். சரக்கு இறங்கும் இரண்டு நாளும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்க வேண்டும். அவர் ஆசைப்பட்டது அதற்கு மட்டும்தான்.

ஆனால் இந்தத் தடவை மனைவியும் கூட வந்திருந்தாள். கம்பெனி அனுமதி கொடுத்து, அவள் கப்பல் ஏறியது இதுதான் முதல் முறை. அவளுடைய அக்கா இருப்பது அந்த ஊரில். இருவரும் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. பெட்டியில் பாதி அக்காவுக்கு வாங்கிய சாமான்.

கிளார்க் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. வெளிநாட்டுத் துறைமுகம் எதுவானாலும், கப்பலில் யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல் ஒரு முழு நாள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர வேண்டும். பயணிகளுக்கு ஒரு தாள், சிப்பந்திகளுக்கு ஒரு தாள். பயணி பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு இறங்கிப் போகலாம். சிப்பந்தி இறங்க ஷோர் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமா வேண்டாமா என்று பட்டியலிலேயே சொல்லிவிட வேண்டும். அதை எழுதுகிறவர் நம் கிளார்க். பதினோரு வருஷத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்ததில்லை.

அவர் மனைவியின் பெயரைச் சிப்பந்திகள் தாளில் எழுதினார். அவள் பெயருக்கும் தன் பெயருக்கும் நேரே, பாஸ் 'வேண்டாம்'. கேப்டன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கிளார்க் மேல் அவ்வளவு நம்பிக்கை.

டீயோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என் பேர் ஏன் இந்தத் தாள்ல இருக்கு?"

"சரக்குக் கப்பல்ல பயணின்னு போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அதான் சிப்பந்தியாப் போட்டுட்டேன்."

"என்ன வேலை?"

"உதவி கிளார்க்."

"யாருக்கு உதவி?"

"எனக்குத்தான்."

"சம்பளம்?"

"அதெல்லாம் இல்ல. சும்மா பேருக்கு."

"வீட்லயும் அதே வேலைதானே. சரி, என்னமோ 'வேண்டாம்'னு போட்டிருக்கே, என்னது அது?"

கிளார்க் தாளின் தலைப்பை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். "குடிதண்ணி வேணுமான்னு கேக்கறாங்க. நம்மகிட்டதான் இருக்கே."

"இருக்கு, இருக்கு," என்று டீயை வைத்துவிட்டுப் போனாள்.

பட்டியல் மெயிலில் போனது. 'ஆபீஸ்காரங்க பாஸ் கொடுக்கலையே, நான் என்ன பண்ணட்டும்' என்று சொல்லும்போது முகம் எவ்வளவு தொங்க வேண்டும் என்று கண்ணாடி முன் இரண்டு முறை பார்த்துக்கொண்டார். திருப்தியாக இருந்தது.

மறுநாள் மதியத் தூக்கம் கலைந்து எழுந்தபோது, மனைவி மேஜையில் அவருடைய விதிப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"என்ன படிக்கிற?"

"உதவி கிளார்க் ஆயாச்சு. தொழிலைத் தெரிஞ்சுக்க வேணாமா?"

"படி, படி," என்று சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

கப்பல் துறையைப் பிடித்த அன்று காலை, துறைமுக அதிகாரி ஏறி வந்தார். கேப்டன் அறையில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"பயணி ஒருத்தர்," என்று அதிகாரி வாசித்து, கிளார்க்கின் மனைவியுடைய பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

கிளார்க் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் முந்திக்கொண்டார்.

"தூக்கக் கலக்கத்துல தாளை மாத்தி எழுதிட்டீராமே. உம்ம வீட்டம்மா புத்தகத்தோட வந்து காட்டினாங்க. கெடு முடியறதுக்குள்ள திருத்தி அனுப்பினேன். இல்லைன்னா கம்பெனிக்கு அபராதம், உம்ம வேலையும் போயிருக்கும். அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லும்."

தூக்கக் கலக்கம் இல்லை, வேண்டுமென்றே எழுதினேன் என்று சொல்ல முடியுமா? கிளார்க் மனைவிக்கு நன்றி சொன்னார்.

அதிகாரி அடுத்த பெயரைப் பார்த்தார். "கிளார்க்குக்குப் பாஸ் வேண்டாம். அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றார் கிளார்க், மெல்லிய குரலில்.

வெளியே வந்து யோசித்தபோது மனசு லேசானது. அவள் போகட்டும். தனக்கு வேண்டியது தூக்கம்தானே? அது எங்கேயும் போய்விடவில்லை. மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படி பக்கம் வந்தாள். கீழே அக்கா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜாக்கிரதையாப் போயிட்டு வா," என்றார் அன்பாக.

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசே வரலைங்க. உங்க பாஸை மாத்தச் சொல்லலாம்னா, நீங்களே உங்க கையால வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. நான் எப்படி அதுல கை வைக்கிறது? அதான், கப்பலுக்கு வர்ற பார்வையாளர்னு ஒரு பேரைச் சேக்கச் சொல்லி கேப்டன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

கிளார்க் ஏணிப்படியைப் பார்த்தார். அக்குளில் சுருட்டிய வீட்டுப் பிளானோடு சகலை மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அவசரமே இல்ல சகலை," என்றார் வந்தவர். "ரெண்டு நாளும் லீவு போட்டுட்டேன்."