டார்ச் மாமாவும் மருந்து போன வழியும்

கம்பம் பள்ளத்தாக்கில் சூரியனையே நம்பாத மனிதர் எங்கள் டார்ச் மாமா ஒருவர்தான். என் அம்மாவின் அண்ணன். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். உச்சிவெயிலில் மருந்தடித்தாலும், குலைக்குள் இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஆட்களை விடுவார். பெட்ரோல் போட்டால் டேங்குக்குள் டார்ச். பெண் பார்க்கப் போன வீட்டில் பாயசத்துக்குள் டார்ச் அடித்ததாகவும் சொல்வார்கள். அத்தை இன்றுவரை மறுக்கவில்லை.

அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. இடுப்பெலும்பிலும் ஒரு கட்டி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம், துணைக்கு நான். டிரிப்ஸ் ஏறும்போதெல்லாம் பாட்டிலையும் நர்சையும் மாறி மாறி முறைப்பார்.

"ஏலே மாப்ள, மருந்து உள்ள போகுது, சரி. கட்டிக்குத்தான் போகுதுன்னு யாரு பாத்தாக?"

டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை.

"பாத்துரலாங்க. கத்தியே வேணாம். மருந்தோட துளியூண்டு கதிர்வீச்சுப் பொருளை ஒட்டி ஊசி போடுவோம். சில நாள் கழிச்சு ஸ்கேன் எடுத்தா, மருந்து சேர்ந்த இடம் வெளிச்சமாத் தெரியும்."

வெளிச்சம் என்றதும் மாமா பாதி மசிந்தார். மீதிச் சந்தேகம் ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் தலைதூக்கியது.

"இது என் உடம்புதான்னு என்ன அத்தாட்சி?"

மொபெட்டிலிருந்து விழுந்தபோது தொடையில் வைத்த கம்பியை டாக்டரம்மா படத்தில் காட்டினார். மாமா தொடையைத் தடவிக்கொண்டார்.

"ஈரல் எதுக்கு இப்படி மினுங்குது? அங்கன யாரு மருந்து கேட்டாக?"

"மருந்து அந்த வழியாவும்தான் வெளிய போகும்."

"டோல்கேட்டா?"

டாக்டரம்மா சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. இரைப்பைக் கட்டியில் நல்ல வெளிச்சம். இடுப்பெலும்புக் கட்டி ஒரே இருட்டு. "இங்க மருந்து சேரலை."

நான் படத்தை இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன். மாமாவோ மேசையைத் தட்டினார். "நாந்தேன் சொன்னேன்ல!"

அந்தச் சந்தோஷம் வராந்தா வரைக்கும்தான் தாங்கியது. பெஞ்சில் உட்கார்ந்தவர் என் கையைப் பிடித்தார். "மாப்ள, பயமா இருக்குடா."

மருந்தை மாற்றினார்கள். முடி கொட்டியது, உடம்பு பாதியானது. சந்தேகம் மட்டும் இளைக்கவில்லை. ஒருநாள் டாக்டரம்மா, எலும்புக் கட்டி சுருங்கிவிட்டது என்றார்.

"மெசினு சரியா இருக்கான்னு பாத்தீகளா?" என்றார் மாமா.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபியை முதலில் என்னை ஒரு வாய் குடிக்கச் சொல்லி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும். ஆயுசு முழுக்கக் குடித்துக் காட்டுகிறேன். அவர் வந்துகொண்டே இருந்தால் போதும்.