சிவப்பு மூடி, நீல மூடி

தையல்காரர் உதட்டைத் தூக்கிப் பிடித்து, ஈறை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னாலேயே அலறினார்.

"மறுபடியும் ரத்தம்!"

"எனக்கு நின்னுபோச்சுங்க," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

இருவருக்கும் சர்க்கரை; இருவருக்கும் ஈறு வீக்கம். சர்க்கரைக்காரர்களின் ஈறு கிரீன் டீயால் தேறுமா என்று பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டு மாத ஆராய்ச்சி. அதில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அசல் கிரீன் டீ, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வேறேதோ இலை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தையல்காரருக்கு நீல மூடி டப்பா, மனைவிக்குச் சிவப்பு.

'அசல் அவகிட்ட மாட்டிக்கிச்சு!' என்று முடிவுகட்டினார் தையல்காரர். அவள் குளிக்கப் போனதும் இரண்டு டப்பா இலையையும் மாற்றிக் கொட்டினார்.

நாலு நாளாயிற்று. அவருக்கு ரத்தம் நிற்கவில்லை. அவள் ஈறோ ரோஜாப்பூ மாதிரி இருந்தது.

"ஐயோ, அசலை நானே தூக்கிக் குடுத்திட்டேனா?"

திரும்ப மாற்றினார். அப்போதும் ரத்தம்.

மச்சானை வரவழைத்தார். தேயிலை ஆலையில் லாரி ஓட்டியவன்; வாசனையிலேயே தரம் சொல்வானாம்.

மச்சான் இரண்டு கோப்பையையும் உறிஞ்சிக் கண்ணை மூடினான். "சந்தேகமே இல்ல மாமா. நீலந்தான் அசல்."

"நிச்சயமா?"

இன்னொரு வாய் உறிஞ்சினான். "இல்லல்ல... சிவப்பு!"

தையல்காரருக்குப் பொறுமை போயிற்று. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறிச் சரிபாதியாகப் பங்கு போட்டார்.

கடைசிப் பரிசோதனை நாள். வாயைப் பார்த்த டாக்டர் அம்மா துள்ளிக் குதிக்காத குறை.

"ரெண்டு பேருக்கும் பிரமாதமாத் தேறியிருக்கு!"

"எனக்கு ரத்தம் வருதே டாக்டர்?"

"நகம் பட்ட காயம் அது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுக்கிப் பார்க்கிறீங்க?"

"ஒரு... இருபது தடவை."

"எந்த ஈறு தாங்கும்? சரி, நீலம் யாரு, சிவப்பு யாரு?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.

தையல்காரரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. டப்பா மாற்றிய கதையையெல்லாம் சொல்லிவிட்டார். மனைவி முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அவள் தலைகுனிந்தாள். "நானும் ரெண்டு தடவை மாத்தினேங்க. உங்களுக்கு ரத்தம் நிக்கலையே, அசலை நீங்களே குடிக்கட்டும்னு..."

டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மாச உழைப்பு! உங்க ரெண்டு பேரையும் கணக்குல சேர்க்கவே முடியாதே!"

டப்பாக்களில் இலை நிரப்பி மூடி போட்டு, பதிவேட்டில் கணக்கு எழுதும் பெண் மட்டும் பக்கத்து மேசையில் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினாள்.

"தாராளமா சேர்த்துக்கலாம் டாக்டர். ஒரே வீட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு மூடி நிறம்தான் வேற, ரெண்டு டப்பாவிலயும் ஒரே இலைதான் போட்டோம். புருஷன் பொண்டாட்டி மாத்திக்குவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"