ஆனாவின் இரண்டு நாற்காலிகள்

தன்னோடு தானே வாதாடி, தன்னிடமே தோற்று, அந்த வருத்தத்தில் மத்தியானம் சாப்பிடாமல் கிடந்த ஒரு மனிதப் பிறவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவளோடு மூன்று வருடம் ஒரே வகுப்பில் படித்தேன். அவள் பெயர் ஆனா.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு, கொஞ்சம் நீளம். யார் என்ன சொன்னாலும் "ஆனா..." என்று ஆரம்பிப்பாள் என்பதால் இப்படி ஆயிற்று. கடைசியில் பேராசிரியரே வருகைப் பதிவில் "ஆனா" என்று கூப்பிட்டார். அவளும் "உள்ளேன் ஐயா" என்றாள்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரி. பி.ஏ. சமூகவியல், இறுதி ஆண்டு, மொத்தமே ஆறு பேர். வெள்ளிக்கிழமை மதிய உணவுக்கு முந்தைய வகுப்பு செமினார். ஒருவர் கட்டுரை வாசிக்க வேண்டும், இன்னொருவர் எதிரே உட்கார்ந்து அதை மறுக்க வேண்டும். மற்ற நாலு பேர் தூங்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆனா வாசிக்க வேண்டிய முறை. மறுக்க வேண்டிய சங்கர், ஆவடி குவார்ட்டர்ஸ் பையன், புதுப்படத்துக்குப் போய்விட்டான். "அடுத்த வாரம் வச்சிக்கலாம்மா" என்றார் பேராசிரியர்.

"எதுக்கு சார், நானே பாத்துக்கறேன்."

கூட்டுக் குடும்பமே உசத்தி என்று இருபது நிமிடம் வாசித்தாள். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்: "கட்டுரையாளர் அழகா பேசினாங்க. ஆனா, பதினாலு பேர் சாப்பிட்ட பாத்திரத்த அவங்க ஒரு நாளாவது தேய்ச்சிருக்காங்களா?"

திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். "தனிப்பட்ட முறையில தாக்கறத வன்மையா கண்டிக்கிறேன்."

மறுபடி அந்தப் பக்கம். "பாத்திரம்னு சொன்னாலே சிலருக்குக் கோவம் வருது."

பேராசிரியரின் தலை மேஜை விசிறி மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பியது. கடைசியில், மறுத்தவரே ஜெயித்தார் என்று தீர்ப்பு சொன்னார். ஆனாவின் முகம் விழுந்துவிட்டது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளிடம் அட்டெண்டர் தேவராஜ் அண்ணன் வந்தார். "இன்னாம்மா, நீயே கேட்டுகினு, நீயே கோச்சிகினு, இப்ப சோறும் துன்னாம கீற?"

"தோத்தது நான்தானேண்ணா."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"அவங்களப் பத்திப் பேசாதீங்க."

வியாதி கல்லூரியோடு நிற்கவில்லை. காட்டுப்பாக்கத்தில் அவள் வீட்டார் போகும் மாதா கோவிலில் அவள் அக்காவுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வழக்கப்படி அறிவித்தார். ஆனா எழுந்து நின்றாள். கோவிலே திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"தடை ஒண்ணும் இல்ல ஃபாதர். ஆனா, கேட்டதுக்கு ஒருத்தர்கூட எந்திரிக்கலன்னா நல்லாருக்காது."

கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் மட்டும் அவள் உட்கார்ந்த பந்தியில் உட்காரவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. ஆறே பேர் படிக்கும் துறையை நிர்வாகம் மூடப்போகிறது. துறை போனால் பேராசிரியரும் போவார். அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. சைக்கிள் செயின் கழன்றால்கூடத் தேவராஜ் அண்ணன்தான் மாட்டிவிட வேண்டும். நிர்வாகக் குழு முன்னால் மாணவர் சார்பில் ஒருவர் பேசலாம் என்றார்கள். ஆனாவை விட்டால் பேச ஆளில்லை.

"ஒரே நாற்காலி. எந்திரிக்கவே கூடாது. சத்தியம் பண்ணு" என்றான் சங்கர். பண்ணினாள்.

அன்று அவள் பேசியதைக் கேட்டு எனக்கே சமூகவியல் மேல் பிரியம் வந்தது. செயலாளர் தலையாட்டினார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். "நல்லதும்மா. யாராவது மாத்திச் சொல்றதுக்கு இருக்கீங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டார் செயலாளர். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

துறையை ஏன் இன்றைக்கே மூட வேண்டும் என்பதற்கு ஏழு காரணம் சொன்னாள். அதில் நாலு, நிர்வாகத்துக்கே தோன்றாதவை. பேராசிரியர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மூடிடலாங்கறியாம்மா?"

"கட்டுரையாளர் இன்னும் பதில் சொல்லலையே சார். அவங்களுக்கு அஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு."

ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழுவின் சாப்பாடு ஆறிப்போனது. முடிவில் செயலாளர், "ரெண்டு பேருமே நல்லா பேசினாங்க. சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பத்து நாள் கழித்துத்தான், துறை தொடரலாம் என்று கடிதம் வந்தது. குழு முன்னால் பேசிய அன்று சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் யாரும் அவளிடம் பேசவில்லை. சங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "சாருக்கு வேலை போயிடுமாடா? அந்த ஏழும் மனசுல இருந்துச்சு. மறைச்சா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்னு பயமா இருந்துச்சு." கண் நிறைந்திருந்தது.

காட்டுப்பாக்கத்தில் அவள் இறங்கினாள். சங்கர்தான் முதலில் எழுந்தான். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் அங்கே வீடில்லை. எல்லோரும் இறங்கி, அவள் வீட்டு வாசல் வரை கூட நடந்தோம்.