எங்க வீட்டுல பாதிச் சமையல் நான்தான்

ஆணும் பெண்ணும் சமம் என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில். அதுவரைக்கும் எனக்கு அந்த விஷயத்தில் அபிப்பிராயமே கிடையாது. நான் காமர்ஸ் வாத்தியார். ‘பாலினவியல் அறிமுகம்’ என்று எங்கள் காலேஜுக்குப் புதுசாக ஒரு பேப்பர் வந்தது. மற்ற துறைக்காரர்கள் எல்லாம் டைம்டேபிளில் இடமில்லை என்று கைவிரித்தார்கள். எனக்கு ஒரு பொய் தோன்றுவதற்குள் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் வகுப்பிலேயே பையன்கள் தூங்கிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். இத்தனை வருஷம் கம்பெனிக் கணக்கு நடத்தியும் அப்படி ஒரு முகத்தை எனக்கு யாரும் காட்டியதில்லை. தலைக்கேறிவிட்டது. எங்கள் வீட்டில் பாதிச் சமையல் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரே கைதட்டல். தூங்கிக்கொண்டிருந்த மாரிச்செல்வம்கூட எழுந்து தட்டினான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

கைதட்டல் அடங்கியதும் நஸ்ரின் பானு எழுந்தாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளை. சந்தேகம் தீராமல் உட்காரமாட்டாள். ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவரும்படி நான்தான் ப்ராஜெக்ட் கொடுத்திருந்தேன்.

“சார், அப்ப வார ஞாயித்துக்கெழம நாங்க உங்க வீட்டுக்கே வாரோம்” என்றாள்.

விஷயம் பிரின்சிபால் காதுக்குப் போய்விட்டது. காலேஜுக்கே பெருமை என்றார் மனுஷன். நல்லபடியாக வந்தால் திருநெல்வேலிக் கருத்தரங்கில் என்னையே பேசவைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் உள்ளதைப் பார்த்துவிட்டால், திங்கட்கிழமை எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவேன்?

உள்ளது என்னவென்றால், வீட்டு வேலையில் என் பங்கு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவருவது. பையை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தால், சாப்பிடத்தான் எழுந்திருப்பேன். உப்பு குறைந்திருந்தால் சொல்வேன். அதையும் ஒரு வேலையாகத்தான் நினைத்திருந்தேன்.

என் மனைவி ரிஸானா கடையநல்லூர்க்காரி. அவளிடம் நைசாக எடுத்துச் சொன்னேன். விடியற்காலையில் நீ எழுந்து கறி ஆணம், சோறு எல்லாம் ஆக்கி மூடி வைத்துவிடு, பிள்ளைகள் வந்ததும் நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன்.

“நான் என்ன செய்யணும்?”

“நீ சும்மா ஹால்ல உக்காந்திரு. பேப்பர் படி.”

“சரிங்க” என்றாள்.

ரிஸானா ஒரே தடவையில் சரி என்றதுமே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே கறியைக் கொடுத்துவிட்டு, இன்னொரு தூக்கம் போட்டு எழுந்து குளிக்கப் போனேன். வந்து எட்டிப் பார்த்தேன். அடுப்பில் மூடி போட்ட சட்டிகள். கறி வாசம் ஆளைத் தூக்கியது. சங்கரன்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கறி வேகும், வாசத்துக்குச் சொந்த வீடு கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். ரிஸானா கால்மேல் கால் போட்டுப் பேப்பர் விரித்திருந்தாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் அடுப்படிக்கு அழைத்துப்போய், பெருமையாக மூடியைத் திறந்தேன். சட்டி கழுவிக் கவிழ்த்த சுத்தத்தில் பளபளவென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. கறி, நான் கொண்டுவந்த பையிலேயே இருந்தது.

“இனிமேதான் ஆரம்பிக்கணும்” என்றேன்.

மிளகாய்ப்பொடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஹாலைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

“நீங்கதானங்க வச்சீங்க” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அப்புறம் பிள்ளைகளிடம் சொன்னாள்: “என்னைய அவங்க அடுப்படிக்குள்ளயே விடமாட்டாங்க மக்கா.”

கண்ணெல்லாம் எரிய வெங்காயம் நறுக்கினேன். குக்கர் மூடி பூட்டவே மாட்டேன் என்றது. நஸ்ரினிடம் கொஞ்சம் பிடிம்மா என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். கவனிக்க வந்தவர்கள் எதிலும் தலையிடக் கூடாது என்று சார்தானே சொன்னீர்கள் என்றாள். அந்த வரியை அன்றைக்கு எதற்குச் சொன்னேனோ, என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். நடுவில் ஹாலிலிருந்து ரிஸானா டீ வேறு கேட்டாள்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துச் சோறு வந்தது. எங்கள் வழக்கப்படி பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. சஹன் என்போம். ஒரு சஹனில் பையன்கள், இன்னொன்றில் ரிஸானாவும் பெண்பிள்ளைகளும். எனக்கு இடமில்லை. மாரிச்செல்வம் பாவப்பட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

“எல்லாரும் சாப்பிட்டப்புறந்தான் அவங்க சாப்பிடுவாங்க. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்கவே மாட்டாங்க” என்றாள் ரிஸானா.

ஒரு வாய் வைத்தாள். நான் கரண்டியோடு நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்தன்று காஜியார் முன்னால்கூட எனக்கு நெஞ்சு அப்படி அடிக்கவில்லை.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள்.

சுருக்கென்றது. இத்தனை வருஷமும் அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் ரசம் கேட்டார்கள்.

எனக்கு மிஞ்சியது எலும்பும் தீய்ந்த அடிச்சோறும். இருந்தாலும் மானம் தப்பியது. நஸ்ரின் கண் கலங்கி, சார் மாதிரி ஒரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை என்றாள். கிளம்பும்போது மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகம். விருந்தாளிக்காக ஒரு நாள் செய்தது என்று யாராவது சொல்லிவிட்டால்?

“அதுக்கென்ன, சொல்லாம கொள்ளாம வாங்க மக்கா. எந்த நேரமும் மணியை அடிக்கலாம்” என்றாள் ரிஸானா.

அன்றிலிருந்து வாசலில் மணி அடித்தால் நான் பேப்பரைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறேன். துணி எடுக்க வெளியே போன ரிஸானா உள்ளே வந்து, யாரும் இல்லைங்க, வந்ததுதான் வந்தீங்க அந்த வெங்காயத்தை உரிச்சிருங்க என்பாள்.

பிள்ளைகள் அதற்கப்புறம் ஒரு நாளும் வரவில்லை. மணியை அடிப்பது யார் என்று எனக்குப் புரிவதற்குள் நான் நெய்ச்சோறு ஆக்குகிற வரைக்கும் வந்துவிட்டேன்.