எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கிருமி

“நல்ல சுகமான பச்சைப் பிள்ளையின் மலம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்,” என்றார் வெள்ளைக்கார டாக்டர் துரை.

தன் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று மயில்வாகனம் நினைத்தான். யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் அது. அங்கே இந்தச் சொல்லைப் பாடமாக வைக்கவில்லை.

“மலமோ, சேர்?”

“மலம்தான். வயிற்றோட்டக்காரப் பிள்ளை வேண்டாம். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையாகப் பார்.”

தெல்தோட்டைப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுப்பது மயில்வாகனத்தின் வேலை. தோட்டத்துச் சனம் அவனை மருந்தையா என்று கூப்பிடும். டாக்டர் துரையிடம் நல்ல பெயர் எடுத்தால் கொழும்பு வைத்தியக் கல்லூரிக்கு அவரே சிபாரிசு செய்வார். அந்த ஒரு நம்பிக்கையில் அவன் இந்த மலைக்குளிரைப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் துரைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு சஞ்சிகை வந்திருந்தது. அங்கே ஒரு வைத்தியர் பச்சைப் பிள்ளைகளின் குடலில் குட்டையான குச்சி போன்ற கிருமி ஒன்றைக் கண்டிருந்தார். சுகமான பிள்ளைகளிடமும் அது தாராளமாக இருந்ததாம். அவித்த உருளைக்கிழங்கில் தடவி வைத்தால் விடிவதற்குள் பெருகிவிடுமாம்.

“ஆராய்ச்சிக்காரனுக்கு இது உழவு மாடு மாதிரி, மயில்வாகனம். எதைப் போட்டாலும் தின்னும். சொன்னபடி பெருகும். முட்டாது. நாளைக்கு உலகத்தில் உள்ள ஆராய்ச்சிக்கூடமெல்லாம் இதைக் கட்டித்தான் உழப்போகிறது. ஜெர்மன்காரப் பிள்ளையின் வயிற்றில் இருப்பது கண்டிப் பக்கத்துப் பிள்ளையின் வயிற்றிலும் இருக்கிறதா? அதை முதலில் சொல்பவன் நானாக இருக்க வேண்டும்.”

மயில்வாகனம் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் போனான். அழகம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளை கொழுகொழுவென்றுதான் இருந்தது.

“உங்கட பிள்ளையின்ர... அது கொஞ்சம் வேணும்.”

“எது மருந்தையா?”

“காலமையில போறது.”

அழகம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அத வச்சு என்னா பண்ணுவீங்க?”

மயில்வாகனம் சைவப் பிள்ளை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. “கண்ணாடித் துண்டில தடவி, நெருப்பில காட்டி, பிறகு...”

“நெருப்புலயா?”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பிள்ளை வெளிக்குப் போனதை நெருப்பில் போட்டால் பிள்ளைக்குப் பின்புறம் வெந்து கொப்பளிக்கும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அழகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் அடுத்த வீட்டை எட்டுவதற்குள் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. மறுநாள் காய்ச்சலுக்குக் கொயினா வாங்கக்கூட ஒரு பெண்பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

உண்மை சொல்லித்தானே கெட்டது என்று மயில்வாகனம் யோசித்தான். கங்காணி காளிமுத்துவிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யைச் சொன்னான். கோப்பிக்கு விழுந்திருக்கிற இலைநோய்க்கு டாக்டர் துரை மருந்து செய்கிறார், அதற்குத்தான் இது வேணும் என்றான்.

காளிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் விழுந்து சுற்றுவட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகக் காடேறிக்கொண்டிருந்த காலம் அது.

“கோப்பி பொழச்சுக்கிருமா மருந்தையா?”

“துரை அப்பிடித்தான் சொல்லுறார்.”

“இத மொதல்லயே எங்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா? நீங்க போங்க. நான் பாத்துக்கிறேன்.”

அவன் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். விடிகாலையில் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில் நின்று, கைப்பிள்ளை உள்ளவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு சிரட்டை கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் மலைக்கு ஏற வேண்டும் என்று கட்டளை போட்டான். பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பழம் பறிக்கிற நேரத்தில் ஒரு கை செடியில் படவில்லை.

வெயிலேறியதும் தோட்டத்துப் பெரிய துரை குதிரையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார்.

“என் கோப்பிக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறீராமே, டாக்டர்? கங்காணி சொல்கிறான். எந்தச் சரக்கிலிருந்து என்றும் சொன்னான்.”

டாக்டர் துரை மயில்வாகனத்தைப் பார்த்தார். மயில்வாகனம் விளக்கெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தான்.

குதிரை போன பிறகு டாக்டர் துரை குரலை உயர்த்தவில்லை. “வெள்ளிக்கிழமை. இல்லாவிட்டால் கொழும்பை மறந்துவிடு.”

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த கல்லில் மயில்வாகனம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் துரை பங்களாவில் ஆயாவாக இருந்த பேச்சியம்மா சோம்புத் தண்ணீர் வாங்க வந்தவள் அவனைப் பார்த்து நின்றாள்.

“என்னா மருந்தையா, மூஞ்சி இப்புடிக் கெடக்கு?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேச்சியம்மா கேட்டுவிட்டு இடுப்பிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

“ஆம்பளப் புள்ள போய்க் கேட்டா எவ குடுப்பா? நான் கொண்டாறேன். எங்க வாங்குன, எப்புடி வாங்குனன்னு மட்டும் கேக்கப்புடாது.”

“ஏன்?”

“ஒங்களுக்கு மனசுல ஒன்னு தங்காது.”

மறுநாள் காலை வாழையிலையில் மடித்து ஒரு பொட்டலம் வந்தது. டாக்டர் துரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்தவர் நிமிரவேயில்லை. குச்சி, குச்சி, எங்கே பார்த்தாலும் குச்சி. உருளைக்கிழங்கில் தடவி வைத்தது மறுநாளே மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பெற்ற தாய்க்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சிவப்புக் கம்பளித் துண்டைப் பேச்சியம்மாவிடம் அனுப்பினார்.

அத்தோடு தொலைந்தது என்று மயில்வாகனம் மூச்சு விட்டான். ஆனால் ஒரு பிள்ளை போதாதாம். இன்னும் சில லயத்துப் பிள்ளைகள் வேண்டுமாம். பேச்சியம்மா கொண்டுவந்தாள். பிறகு முஸ்லிம் பிள்ளை வேண்டுமென்றார்.

“அக்குறணையில கடை வச்சிருக்க முஹைதீன் மொதலாளி வீட்டுல கேட்டு வாங்குனேன்,” என்று அதையும் வைத்தாள். பிறகு சிங்களப் பிள்ளை.

“பிலிமத்தலாவையில எனக்கு ஆளு இருக்கு.”

அக்குறணை ஒரு திக்கு, பிலிமத்தலாவை இன்னொரு திக்கு. நடுவில் கண்டி டவுன். பங்களாவைவிட்டு நகராதவளுக்கு இரண்டும் எப்படி இவ்வளவு சுடச்சுட வருகின்றன என்று மயில்வாகனத்துக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டான்.

பொட்டலம் வந்தது, கம்பளி போனது. டாக்டர் துரை சாப்பாட்டை மறந்தார். கட்டுரையை எழுதி முடித்து லண்டனுக்குத் தபாலில் சேர்த்த அன்று, மயில்வாகனத்தைக் கூப்பிட்டுத் தன் எதிரில் கதிரையில் உட்காரவைத்தார். அப்படி ஒரு மரியாதை அவனுக்கு அதற்கு முன் நடந்ததில்லை.

“உன் சிபாரிசும் இதே தபாலில் கொழும்புக்குப் போய்விட்டது. இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, பௌத்தப் பிள்ளை, கூலிக்காரன் பிள்ளை, முதலாளி பிள்ளை. எதிலும் நூலளவு வித்தியாசமில்லை. இப்படி ஒரு ஒற்றுமையை அந்த ஜெர்மன்காரரும் பார்த்திருக்க மாட்டார். மனிதர்களெல்லாம் உள்ளே ஒன்றுதான், மயில்வாகனம்.”

மயில்வாகனத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு அசிங்கத்துக்குள்ளும் இப்படி ஒரு தத்துவம் இருந்திருக்கிறதே.

“ஒரே ஒரு குறை,” என்றார் டாக்டர் துரை. “எல்லாம் இந்த நாட்டுப் பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையும் வேண்டும். அதற்கு எங்கும் அலைய வேண்டாம். என் மகன் எட்வர்டினுடையதை ஆயாவிடம் வாங்கிவா.”

கதவைச் சாத்த ஆளில்லை, கங்காணியின் தயவு வேண்டியதில்லை, பொய்யும் தேவையில்லை. மயில்வாகனம் கைவீசிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தான். பின்விறாந்தையில் பேச்சியம்மா துரை வீட்டுப் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“பேச்சியம்மா, இதுதான் கடைசி. இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை. இந்தப் பிள்ளையின்ரயும் கொஞ்சம் வேணுமாம்.”

பேச்சியம்மாவின் கை அப்படியே நின்றது. பிள்ளையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

“அதத்தான மருந்தையா இம்புட்டு நாளாக் குடுத்துக்கிட்டு வாறேன்.”