மேல்பல்லும் சூசையின் கயிறும்

ஒரு பிள்ளையின் வாய்க்குள் டார்ச் அடித்தே இரண்டு வீட்டு அடுப்பை அணைத்துவிடலாம் என்று நர்ஸ் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவேதான் கண்டுபிடித்தேன்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய கதை. எனக்கு இருபது வயது. உலகத்து அறிவெல்லாம் என் கைப்பைக்குள் இருப்பதாக நினைப்பு. தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து தருவைகுளத்துக்கு அனுப்பினார்கள். கருப்பட்டியைத் துணியில் முடிந்து குழந்தை வாயில் வைத்துத் தூங்கப் போடாதீர்கள், பல் சொத்தையாகும் என்று பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் பாடம் நடத்த வேண்டும். (அந்தத் துணி இல்லாமல் அவர்கள் எப்படி மீன் காயப்போடப் போவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பது என் பாடத்தில் இல்லை.)

மாதா கோயில் பந்தலில் பெண்கள் கூடியிருந்தார்கள். முன்னால் மரியம்மா, மடியில் ஒன்றரை வயது மகள், வயிற்றில் அடுத்தது. பிள்ளையின் உதட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். மேல்பற்கள் கறுத்துக் கரைந்து கிடந்தன. கீழ்ப்பற்கள் அரிசி போல வெள்ளை. எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தேன்.

"மேல்பல் எவ்வளவு பழசு பாருங்க. கீழ்ப்பல் புதுசு. மேல்பல்தான் முதல்ல முளைச்சிருக்கு."

மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். எனக்கும் தெரிந்த சங்கதிதான், வாய் முந்திக்கொண்டது. அந்தத் தாய்மாமன் சூசை. மரியம்மாவின் புருஷன் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும்போது அவனை மேலே இழுக்கும் கயிற்றை வள்ளத்தில் பிடிப்பவன். தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்று மச்சானைத்தான் அங்கே கயிறு பிடிக்க வைப்பார்கள்.

"கீழ்ப்பல்லுதாம் மொதல்ல வந்துது, சத்தியமா" என்றாள் மரியம்மா.

"நர்சம்மா பொய்யா சொல்லுதா? மறைச்சிட்டியே ஏளா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சாயங்காலத்துக்குள் வள்ளத்துக்காரர், ஆகாதவன் ஏறினால் வள்ளத்துக்கும் ஆகாது, சூசையை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். மச்சான் பிடிக்காத கயிற்றில் இறங்க மாட்டேன் என்று மரியம்மாவின் புருஷனும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிள்ளை சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கிடும். இனிப்பெல்லாம் மேல்பல்லுலதான் தங்கும். அதான் அது முதல்ல சொத்தையாகுது. சொத்தையைப் பாத்து ஜோசியம் சொல்லிட்டு வந்திருக்கே."

மறுநாளே ஓடினேன். வள்ளத்துக்காரர் காலில் விழாத குறை.

"நேத்து நீங்க சொன்னதை நம்பவா, இன்னைக்குச் சொல்லுததை நம்பவா?" என்று கேட்டுவிட்டு அவர் பாய் தைக்கப் போய்விட்டார்.

சங்குக் காலம் முடியும்வரை இரண்டு வீட்டிலும் கஞ்சித் தண்ணீர்தான். மரியம்மாவுக்குப் பால் வற்றியது. பசியில் அழுத பிள்ளையின் வாயில் மறுபடியும் கருப்பட்டித் துணி. அதை எடுக்கச் சொல்லத்தான் முதலில் நான் அந்த ஊருக்கே போயிருந்தேன். கன்னம் வீங்கி, காய்ச்சலில் கண் செருகிய பிள்ளையைச் சூசைதான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தான். பல்லைப் பிடுங்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். அந்த அலறலில் வேலையையே விட்டுவிடலாம் என்றிருந்தது. பிள்ளை பிழைத்தது.

அடுத்துப் பிறந்த மகனுக்கு மரியம்மா கருப்பட்டித் துணியைக் காட்டவே இல்லை. ஈரத்துணியால் ஈறு துடைத்துவிட்டாள். முதல் பல் தெரிந்ததும் ஊரைக் கூட்டிக் காட்டினாளாம். என்னைக் கூப்பிடவில்லை. (கீழ்ப்பல்.)

சூசை அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, பொக்கை வாய். நான் போனால் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, என் முன்னால் வாயை ஆவென்று திறக்கிறார்.

"நர்சம்மா, எனக்கு மேல்பல்லு மொதல்ல விழுந்துதா, கீழ்ப்பல்லு மொதல்ல விழுந்துதா? பாத்து மெதுவாச் சொல்லுங்க. வள்ளத்துக்காரர் காதுல விழுந்துறப் போவுது."